கல்லூரியில் படித்துக்கொண்டே ராணுவ அதிகாரி ஆகத் தயாராவது: என்சிசியா, சிடிஎஸ் தேர்வா?

கேள்வி (பி.காம். முதலாம் ஆண்டு மாணவி)

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, இவ்வாண்டு பி.காம். சேர்ந்திருக்கிறேன். பட்டம் முடித்ததும் ராணுவத்தில் அதிகாரியாகச் சேர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். எங்கள் கல்லூரியில் இப்போது என்சிசிக்கு, அதாவது தேசிய மாணவர் படைக்கு, ஆள் எடுக்கிறார்கள். அதில் 'சி' சான்றிதழ் பெற்றுவிட்டால் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேர்முகத் தேர்வுக்குப் போகலாம் என்று சீனியர் அக்கா ஒருவர் சொன்னார். அணிவகுப்பு, முகாம் என்று அலைந்தால் படிப்பு கெட்டுவிடும், அந்த நேரத்தில் முப்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் சிடிஎஸ் எழுத்துத் தேர்வுக்குப் படிக்கலாமே என்கிறார் அப்பா. எதைத் தேர்ந்தெடுப்பது? எனக்கு ஆங்கிலம் சரளமாகப் பேச வராது என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

பதில் 1 (ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி)

உங்கள் சீனியர் சொன்னது உண்மைதான் அம்மா, ஆனால் அது பாதி உண்மை. அவர் சொன்ன அந்த வழிக்குப் பெயர் என்சிசி ஸ்பெஷல் என்ட்ரி. அதற்கு 19 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது, பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும், 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு வேண்டும். யூபிஎஸ்சி எழுத்துத் தேர்வு கிடையாது. ஆனால் விண்ணப்பித்த எல்லாரையும் எஸ்எஸ்பிக்கு, அதாவது ராணுவத் தேர்வு வாரியத்தின் நேர்முகத் தேர்வுக்கு, அழைத்துவிடுவதில்லை. மதிப்பெண் அடிப்படையில் வடிகட்டும் உரிமை ராணுவத் தலைமையகத்துக்கு உண்டு. ஆகவே படிப்பைக் கைவிட்டு என்சிசியை மட்டும் நம்புவது பயன் தராது; அந்த அளவில் உங்கள் அப்பாவின் கவலை நியாயமானதே. மேலும், இவ்வழியில் பெண்களுக்கு ஒதுக்கப்படும் இடங்கள் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவதில்லை.

அதனால்தான் இரண்டில் ஒன்றைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிடிஎஸ் தேர்வை யூபிஎஸ்சி ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு, அதாவது ஓடிஏவுக்கு, விண்ணப்பிப்பவர்கள் ஆங்கிலம், பொது அறிவு ஆகிய இரு தாள்களை மட்டும் எழுதினால் போதும். கணிதத் தாள் இல்லை. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அந்த வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பார்கள் என்பதால் ஊகித்து எழுதுவது ஆபத்து. இறுதி ஆண்டில் படிக்கும்போதே இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். எந்த வழியில் போனாலும் அதே ஐந்து நாள் எஸ்எஸ்பியைக் கடந்துதான் ஓடிஏ இருக்கும் பரங்கிமலைக்குள் நுழைய முடியும்.

பதில் 2 (கல்லூரி என்சிசி பொறுப்பாசிரியர்)

சேர்வதென்றால் இந்த ஆண்டே சேர்ந்துவிடுங்கள். இரண்டாம் ஆண்டில் 'பி' சான்றிதழ்த் தேர்வும் மூன்றாம் ஆண்டில் 'சி' சான்றிதழ்த் தேர்வும் வருவதால், பின்னர் சேர்பவர்களுக்குப் பட்டம் முடிவதற்குள் 'சி' எட்டாமலே போய்விடுகிறது. அணிவகுப்பு வருகை 75 சதவீதத்துக்குக் குறைந்தால் தேர்வு எழுத முடியாது, முகாம்களும் கட்டாயம்.

படிப்பு கெடும் என்ற அச்சத்தைப் பல பெற்றோரிடம் கேட்டிருக்கிறேன். முகாம் நாட்களுக்கு வருகைப்பதிவு எப்படிக் கொடுக்கிறார்கள் என்று முதலிலேயே துறைத்தலைவரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, விடுபட்ட பாடங்களை அந்த வாரமே தோழிகளின் குறிப்பேட்டிலிருந்து எழுதிவிடும் மாணவிகள் அரியர் வைப்பதில்லை. காலையில் எழுவது, பெல்ட் பக்கிளைப் பிராஸோ போட்டுத் துடைப்பது, 'சாவ்தான்' (நேராக நில்), 'விஷ்ராம்' (இயல்பாக நில்) என்று இந்தியில் வரும் கட்டளைகளுக்கு உடல் தானாகப் பழகுவது எல்லாம் சில வாரங்களில் வந்துவிடும். நான் அதிகம் மதிப்பது வேறொன்றை: முப்பது பேரை வரிசையில் நிறுத்தி, தயங்காமல் உரத்த குரலில் கட்டளையிடும் வாய்ப்பு ஒரு மாணவிக்கு வகுப்பறையில் கிடைப்பதே இல்லை, அதை அணிவகுப்பு மைதானம் தருகிறது.

பதில் 3 (எஸ்எஸ்பியில் தேர்வாகி மருத்துவப் பரிசோதனைக்குக் காத்திருப்பவர்)

தங்கைக்கு, ஆங்கிலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நானும் தமிழ்வழியில் படித்தவள்தான். முதல் நாளே மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் அதற்கு ஒரு கதை எழுதிவிட்டு, குழுவாக உட்கார்ந்து அதை விவாதிக்க வேண்டும். பலர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அங்கே அழகான ஆங்கிலத்தைவிட, இரண்டு தெளிவான வாக்கியங்களைச் சொல்லிவிட்டு, வாய்ப்புக் கிடைக்காமல் இருக்கும் பக்கத்துப் பெண்ணைப் பேசச் சொல்லும் குணம்தான் எடுபடும் என்பது என் கருத்து. மறுநாள் உளவியல் தேர்வில் 60 சொற்களைக் காட்டுவார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுத 15 விநாடி. யோசித்து மொழிபெயர்க்க நேரமே இராது. ஆகவே மூன்று ஆண்டுகள் இருக்கும்போதே தினமும் ஒரு செய்தியை ஆங்கிலத்தில் வாய்விட்டு வாசித்து, அதையே சொந்த வாக்கியங்களில் யாரிடமாவது சொல்லிப் பழகுங்கள்.

இன்னொன்று. தட்டைப் பாதம், நிற்கும்போது முட்டிகள் ஒட்டுவது, நிறப் பார்வைக் குறைபாடு போன்றவை மருத்துவப் பரிசோதனையில் தடையாகலாம். எலும்பு மருத்துவரையும் கண் மருத்துவரையும் இந்த ஆண்டே ஒருமுறை பார்த்துவிடுங்கள். சரிசெய்யக்கூடியதாக இருந்தால் அதற்கு உங்களிடம் இப்போது நேரம் இருக்கிறது.