கேஷுவாலிட்டி நோட்டை வைத்தே காய்ச்சல் பரவுவதைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி – நர்ஸ், பென்னாகரம் பக்கம்
ஐப்பசி மழை பிடித்துப் பத்து நாள்தான் ஆகிறது, அதற்குள் நைட் டியூட்டியில் கேஷுவாலிட்டி (அவசரச் சிகிச்சைப் பிரிவு) நோட்டில் ‘காய்ச்சல், உடம்பு வலி’ என்று எழுதி எழுதியே கை ஓய்ந்துவிட்டது. இது வருஷா வருஷம் வருகிற காய்ச்சலா, இல்லை டெங்கு கிளம்பியிருக்கிறதா? லேப் ரிசல்ட் வருவதற்குள் நோட்டை வைத்து ஏதாவது கணக்குப் பார்க்க முடியுமா?

பதில் – சுகாதார ஆய்வாளர், கிருஷ்ணகிரி
முடியும் சிஸ்டர். அமெரிக்காவில் சிடிசி என்கிற நோய்த் தடுப்பு மையம், எமர்ஜென்சிக்கு வருகிறவர்கள் சொல்லும் தொந்தரவை வைத்தே ஃப்ளூ ஏறுவதையும் இறங்குவதையும் கவனிக்கிறது. இங்கேயும் 2004-ல் வந்த ஐடிஎஸ்பி என்கிற நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் கிராம சுகாதார செவிலியர்கள் எழுதிய எஸ் ஃபாரம், லேப் ரிசல்ட் இல்லாமல் அறிகுறியை மட்டும் வைத்துப் போட்ட கணக்குதான். ஆனால் காய்ச்சல்காரர்களை மட்டும் எண்ணாதீர்கள், வந்த நூறு பேரில் எத்தனை பேர் என்று பாருங்கள். திங்கட்கிழமை கூட்டம் எப்படியும் அதிகம், தீபாவளியன்று வார்டே காலியாக இருக்கும், அதனால் நாளோடு நாளை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்; வாரத்தோடு வாரம், பழைய நோட்டு இருந்தால் போன வருஷம் இதே வாரத்தோடும் வைத்துப் பாருங்கள்.

பதில் – லேப் டெக்னீஷியன், அரூர்
எத்தனையாவது நாள் காய்ச்சல் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். டெங்குவுக்கு முதல் ஐந்து நாளுக்குள் என்றால் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 டெஸ்ட், அதற்கு அப்புறம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் எலிசா டெஸ்ட். எலிசா ஒரு சாம்பிளுக்காகப் போடுவதில்லை, நாலைந்து சேரட்டும் என்று வைத்திருப்போம், அதில்தான் நாள் போகிறது.

பதில் – அதே சுகாதார ஆய்வாளர்
ஊர் பெயர் மட்டும் போதாது, தெருவும் வேண்டும். ஒரு தடவை ஒரே தெருவில் மூன்று பிள்ளைகள் என்று போன் வந்தது. போய்ப் பார்த்தால் நாலு நாளுக்கு ஒருமுறை வரும் குடிநீரைப் பிடித்து வைத்த சிமெண்ட் தொட்டி, மூடி இல்லை, டார்ச் அடித்ததும் கொசுப் புழுக்கள் நெளிந்து கீழே இறங்கின. முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள்தான். நாம் ரிசல்ட்டுக்காக ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் அடுத்த ஈடு பறக்கத் தொடங்கிவிடும்.

கேட்டவர்
நேற்று ராத்திரி இரண்டு வாரப் பக்கங்களையும் திருப்பிப் பார்த்தேன். முன்வாரம் பத்துக்கு ஒருவர், இந்த வாரம் பத்துக்கு மூவர். அதில் ஐந்து பிள்ளைகள் ஒரே காலனி. தனித்தனி ராத்திரியில் வந்ததால் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. விடிந்ததும் எங்கள் பகுதி ஆய்வாளருக்குப் போன் போட்டுவிட்டேன், இன்றைக்கே தொட்டிகளைப் பார்க்க ஆள் அனுப்புகிறாராம்.