காலி பிக்கப், ஐஸ் ரோடு: பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு போகிறது

கோவில்பட்டிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கனடாவில் சட்பரிக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. வீடுகளுக்கு ஹீட்டர், ஏசி மாட்டும் வேலை. போன குளிர்காலத்தைப் பஸ்ஸிலேயே ஓட்டிவிட்டேன். செப்டம்பரில் துணிந்து ஒரு பழைய பிக்கப் (பின்னால் திறந்த பெட்டி உள்ள சின்ன ட்ரக்) வாங்கினேன். 2008 ஃபோர்டு ரேஞ்சர், நாலு சிலிண்டர், ஐந்து கியர் மேனுவல். இழுவை பின் சக்கரத்துக்கு மட்டும்.

போன செவ்வாய் காலை ஆறரை மணி. வெளியே மைனஸ் 1. ரோடு வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது. பாரிஸ் தெருவில், இரண்டு பக்கமும் பல நாட்டுக் கொடிகள் வரிசையாக நிற்குமே, அந்தப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் சிக்னல் சிவப்பு. பிரேக்கைத் தொடவே இல்லை. மூன்றாவது கியருக்குக் குறைத்து கிளட்சை விட்டேன். அவ்வளவுதான், பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு வலது பக்கம் கிளம்பிவிட்டது. ஊரில் மழையில் பைக் சறுக்கியது எல்லாம் பார்த்தவன்தான், ஆனால் அதில் ஒரு சத்தம் இருக்கும். இங்கே சத்தமே இல்லை. வண்டி குறுக்காகத் திரும்பி, கைப்பிடிச் சுவருக்கு இரண்டடி முன்னால் நின்றது. பின்னால் யாரும் வராதது என் அம்மா கும்பிடும் சாமி புண்ணியம். மதியத்துக்குக் கொண்டுபோன எலுமிச்சைச் சோறு டேஷ்போர்டு முழுக்க.

பின்னால் எடை வைக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு, எங்கே? டயர் 'ஆல் சீசன்', தாராளமாகப் போதும் என்று விற்றவர் சொன்னார். ஜனவரியிலிருந்து வாரம் ஒரு தடவை வடக்கே டிம்மின்ஸ் ஊருக்கும் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். ஓட்டலாமா, வேண்டாமா?

பிராம்ப்டன் பாண்டி:

ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். அதை விற்றுவிட்டு ஒரு ஃபோர் பை ஃபோர், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி, வாங்குங்கள். வடக்கே பின் சக்கர வண்டி என்பது தற்கொலை. என் மச்சான் ஃபோர் பை ஃபோர்தான் வைத்திருக்கிறான், ஸ்நோவில் ராஜா மாதிரி போகிறான்.

பாண்காரன்:

தம்பி, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது போதும். சோறு போனால் போகட்டும்.

நான் சட்பரிக்கு வந்தது 1991. பதினொரு வருடம் ஒரு சின்னப் பிக்கப்பில் கடைகளுக்குப் பாண் (ரொட்டி) போட்டேன். விடியற்காலை மூன்றரைக்கு வெளிக்கிட வேண்டும், ஐஸ் உருக உப்புப் போடுகிற வண்டிக்காரன் வருவதற்கு முன்னாலேயே நான் றோட்டில் நிற்பேன். பாண் இடத்தை அடைக்குமே தவிர எடை இருக்காது. ஆகவே ட்ரக் நிறைந்திருந்தாலும் அது வெறும் ட்ரக்தான். உங்கள் கதை எனக்குப் புதிது இல்லை. வண்டியிலும் பிழை இல்லை. எஞ்சின் முன்னுக்கு, பெட்டி காலி, தள்ளுகிற வேலை முழுக்கப் பின் சில்லுக்கு (சக்கரத்துக்கு). எந்தக் கம்பனியின் பின் சக்கரப் பிக்கப்பும் இப்படித்தான்.

பிறேக் பிடிக்கவில்லை என்கிறீர்கள். பிடித்தீர்கள் தம்பி, கியரால் பிடித்தீர்கள். கியரைக் குறைத்துக் கிளட்சைச் சட்டென்று விட்டால் எஞ்சின் சில்லை இழுத்துப் பிடிக்கும். அதுவும் பின் இரண்டு சில்லை மட்டும். எடை இல்லாத அந்த இரண்டும்தான் உடனே பிடி விட்டன. காய்ந்த றோட்டில் கியரால் வேகம் குறைப்பது நல்ல பழக்கம். ஐஸில், பின் சக்கர வண்டியில், அதுதான் ஆளைச் சுழற்றும். வால் போகிறது என்று தெரிந்தவுடன் கிளட்சை முழுக்க அமத்துங்கள். சில்லு எஞ்சினிடமிருந்து விடுபட்டுத் தன்பாட்டில் உருளத் தொடங்கும். பிறகு நீங்கள் போக நினைக்கிற பக்கம் கண்ணை வைத்து, ஸ்டியரிங்கை அந்தப் பக்கமே மெல்லத் திருப்புங்கள். சுவரைப் பார்த்தால் சுவருக்குத்தான் போவீர்கள். வால் திரும்பி வரும்போது ஸ்டியரிங்கையும் கூடவே நேராக்க வேண்டும். அதை மறந்தால் இரண்டாம் முறை மற்றப் பக்கம் அடிக்கும், அது முதல் அடியை விடப் பொல்லாதது.

பாலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மற்ற றோட்டுக்குக் கீழே மண்ணின் சூடு கொஞ்சம் இருக்கும். பாலத்துக்குக் கீழேயும் குளிர் காற்று, மேலேயும் குளிர் காற்று. றோடு ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மைனஸ் 25க்குப் பயப்படுவார்கள். எனக்குப் பயம் மைனஸ் 1தான். பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஐஸின் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்கும், வழுக்குவது அதில்தான். மைனஸ் 25இல் சப்பாத்துக்குக் கீழே ஸ்நோ கீச்சிடும் பாருங்கள், அந்தக் குளிரில் டயருக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கும். ஆனால் உப்பு மைனஸ் 12க்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது. அப்போது மணல்தான் போடுவார்கள். றோடு மண் நிறத்தில் இருந்தால் சந்தோசப்படுங்கள்.

இனி எடை. கடைகளில் நீளக் குழாய் மாதிரிப் பையில் மணல் விற்பார்கள், ஒன்று 60 இறாத்தல், அதாவது 27 கிலோ. நாலு பை வாங்குங்கள். வைக்கிற இடம்தான் முக்கியம்: பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது ஒரு கை முன்னால். முதல் வருடம் தூக்குவது லேசு என்று நான் பின் கதவோடு சேர்த்து அடுக்கினேன். சைக்கிள் கரியரின் நுனியில் அரிசி மூட்டை கட்டியவர்களுக்குத் தெரியும், ஹாண்டில் காற்றில் மிதக்கும். அதே கதைதான். பின்பக்கம் பிடித்தது, முன் சில்லு திருப்பினாலும் திரும்பவில்லை. ஒரு பாண் கடையின் தபால் பெட்டியை விழுத்திவிட்டு, அதற்குக் காசும் கட்டினேன்.

பையைச் சும்மா போட்டால், மோதினால் 27 கிலோக் குண்டு உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும். இரண்டுக்கு நாலு பலகையில் ஒரு சட்டம் அடித்து, பெட்டிக்குள் இரண்டு பக்கமும் தெரிகிற சில்லு மேடுகளுக்கு இடையில் இறுக்கி, அதற்குள் அடுக்கி, வார் போட்டுக் கட்டுங்கள். ஒவ்வொரு பையையும் தடித்த குப்பைப் பையால் சுற்றுங்கள். நனைந்தால் கல்லாக உறைந்துவிடும். பிறகு எங்காவது புதைந்து நிற்கும்போது சில்லுக்குக் கீழே போட ஒரு பிடி மணல் வராது. மணலுக்குப் பதிலாக உப்புப் பை வைக்காதீர்கள், பெட்டி துருப்பிடித்துப் போகும்.

ஓடுவது பற்றி ஒன்று. என் பாண் தட்டுகள் தகர ராக்கையில் இருக்கும். பின்னால் தட்டு நகருகிற சத்தம் கேட்டால் நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று அர்த்தம். காஸ், பிறேக், ஸ்டியரிங் மூன்றுக்கும் அந்தச் சத்தம்தான் எனக்கு வாத்தியார். இரண்டாவது கியரில் எடுங்கள், கிளட்சை மெல்ல விடுங்கள். வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கிற குரூஸ் கன்ட்ரோல் இருந்தால் குளிர்காலம் முழுக்க அதை மறந்துவிடுங்கள்.

பாண்டித் தம்பிக்கு: உங்கள் மச்சான் புறப்படும்போது ராஜாதான், நான் மறுக்கவில்லை. நிறுத்தும்போது அவருக்கும் நாலு சில்லு, எனக்கும் நாலு சில்லு. பள்ளத்தில் கிடக்கிற வண்டிகளில் நான் அதிகம் கண்டது ஃபோர் பை ஃபோர். லேசாக எடுபடுவதால் றோடு எப்படி இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரிவதில்லை.

டயர்க்கடை:

எடை பற்றி அண்ணன் சொன்னது சரி, ஆனால் டயர் விஷயத்தை யாரும் தொடவில்லை. நான் இந்தத் தொழிலில் ஒன்பது வருடம். ஆல் சீசன் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். குளிரக் குளிர கட்டைதான். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'எம் பிளஸ் எஸ்' (சேறு, ஸ்நோ என்று குறிக்கும் M+S எழுத்து) போதாது. பக்கத்து மாகாணம் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் சட்டப்படி கட்டாயம். நம் ஒண்டாரியோவில் கட்டாயம் இல்லை, அதனால்தான் விற்றவர் தைரியமாகச் சொல்லியிருக்கிறார்.

நாலும் மாற்றுங்கள். பின்னால் மட்டும் இரண்டு போட வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவேன். வடக்கு ஒண்டாரியோவில் இருப்பவர்கள் குளிர்காலத்தில் ஆணி டயரும் போடலாம், ஐஸைப் பிடிக்கச் சின்ன ஆணிகள் பதித்த டயர். டிம்மின்ஸ் பக்கம் அடிக்கடி போவதாக இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன், தார் ரோட்டில் இரைச்சல் இருக்கும், பழகிவிடும். இன்ஷூரன்ஸ்காரரிடம் மறக்காமல் சொல்லுங்கள். 2016 முதல் இந்த மாகாணத்தில் விண்டர் டயருக்கு அவர்கள் தள்ளுபடி தந்தாக வேண்டும்.

காற்று: 5, 6 டிகிரி குறைந்தால் டயரில் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ இறங்கும். கராஜுக்குள் 20 டிகிரியில் அடித்துவிட்டு மைனஸ் 30இல் வெளியே போனால் ஒன்பது பிஎஸ்ஐ காணாமல் போயிருக்கும். காலையில், வண்டி எடுக்கும் முன், வெளியே வைத்துப் பாருங்கள்.

கோவில்பட்டிக்காரன்:

பாண்கார அண்ணாச்சிக்கும் டயர்க்கடை அண்ணனுக்கும் ரொம்ப நன்றி. போய்ப் பார்த்தேன், என் டயரில் மலையும் இல்லை, ஒன்றும் இல்லை. சம்பளம் வந்ததும் நாலும் மாற்றுகிறேன். அண்ணாச்சி, டிம்மின்ஸ் ரோடு எப்படி? 144ஆம் நெடுஞ்சாலையில் ஒரு தடவைகூடப் போனதில்லை.

பாண்காரன்:

அண்ணாச்சி என்று என்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை. நல்லாயிருக்கிறது.

144 முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. செம்ஸ்ஃபோர்ட், டவ்லிங் வரை ஊர் இருக்கும். கார்ட்டியர் தாண்டினால் மரம், மரம், அதற்குப் பிறகும் மரம். போனில் சிக்னலை நம்ப வேண்டாம். பாதியில் 560ஆம் றோடு பிரிகிற சந்தியில் வாட்டர்ஷெட் என்று ஒரு தரிப்பிடம். அதைச் சுற்றித்தான் நீர்பிரி மேடு, அதற்கு வடக்கே விழுகிற மழை ஆர்க்டிக் பக்கம் போகும், தெற்கே விழுவது பெரிய ஏரிகளுக்கு. பெயர்ப்பலகையைப் பார்க்க ஆசைதான், ஐஸ் நாளில் அதற்காக நிற்காதீர்கள். அங்கே பெற்றோல் கிடைக்கும் என்று நம்பியும் போகாதீர்கள், சட்பரியிலேயே தாங்கியை நிரப்புங்கள்.

வெளிக்கிட முதல், றோடு நிலவரம் சொல்கிற ஒன்ராறியோ 511 பாருங்கள். மூடியிருக்கிறது என்றால் மூடியிருக்கிறதுதான், முதலாளிக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் படுங்கள். முன்னால் நீல விளக்கு மினுங்கினால் அது ஸ்நோ தள்ளுகிற வண்டி. அதை முந்தாதீர்கள். அதற்குப் பின்னால் இருக்கிறதுதான் அன்றைக்கு உள்ளதில் நல்ல றோடு. எதிரே மரம் ஏற்றின லொறி வந்தால், அது கடந்த பிறகு நாலைந்து செக்கன் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. அது வரும் முன்னமே காஸை விட்டு, வலப்பக்கக் கரையை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் மூஸ் என்கிற பெரிய காட்டு மான் வரும். அதன் கால் உயரம், மோதினால் உடம்பு நேரே கண்ணாடிக்குத்தான்.

சாமான்: மண்வெட்டி, கம்பளி, மெழுகுதிரி, ஒரு வெறும் தகர டின், நெருப்புப்பெட்டி. டின்னுக்குள் மெழுகுதிரி எரிந்தால் அந்தச் சின்ன கபின் தாங்கும், யன்னலை ஒரு விரல் திறந்து வையுங்கள். புதைந்து நின்றால் எஞ்சினை ஓட விடும் முன் இறங்கிப்போய்ப் புகைக்குழாய் வாயில் ஸ்நோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். குளிரில் போனவர்களைவிட அந்தப் புகையில் போனவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. வண்டியை விட்டு நடக்காதீர்கள்.

கோவில்பட்டிக்காரன்:

ஜனவரி 19. டிம்மின்ஸ் இரண்டு தடவை போய் வந்துவிட்டேன். ஆணி டயர், நாலு மூட்டை, பலகைச் சட்டம், எல்லாம் அண்ணாச்சி சொன்னபடி. நடுவில் ஒரு தடவை ரோடு மூடியிருந்தது, படம் எடுத்து அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். போன வாரம் அதே பாலத்தில் வால் லேசாக ஆடியது. கால் தானாகக் கிளட்சுக்குப் போனது, கண் சிக்னலைப் பார்த்தது, வண்டி நேராக நின்றது. டிபன் டப்பா அசையவில்லை.

ஒரே குறை. பக்கத்து வீட்டு அம்மா கார் அவர் வாசலிலேயே மாட்டிக்கொண்டது. ஒரு மூட்டையைக் கிழித்து முக்கால்வாசியைக் கொட்டித்தான் வெளியே எடுத்தோம். இப்போது மூன்றேகால் மூட்டை. புதிதாக வாங்கப் போனால் கடைகளில் எங்கேயும் இல்லை, ஸ்டாக் தீர்ந்துவிட்டதாம்.

பாண்காரன்:

ஜனவரியில் யார் தம்பி மணல் வைத்திருப்பான்? என் கராஜில் இரண்டு பை கிடக்கிறது, நனையாதது. தனிமடலில் விலாசம் அனுப்புகிறேன், ஞாயிறு பகலில் வாருங்கள். எலுமிச்சைச் சோறு கொண்டுவந்தால் மறுக்க மாட்டேன்.