"என் அம்மாவும் பதிதரா?" பத்தாம் வகுப்பு மாணவிக்கு என்ன பதில் சொல்வது?

குன்னூர் மறைக்கல்வி ஆசிரியை:

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க! குன்னூருக்கு அருகில் ஒரு பங்கில் ஞாயிறு மறைக்கல்வி நடத்துகிறேன். பிள்ளைகளில் பாதிப் பேர் எஸ்டேட் லயன்களிலிருந்து வருகிறார்கள். பூசை முடிந்ததும் வகுப்பு. வகுப்பு முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓட்டம். ஆயர்களின் பேரவையான நீசேயா பொதுச்சங்கம் கூடி 1700 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, திருச்சபை வரலாற்றில் எழுந்த தப்பறைகளை, அதாவது தவறான போதனைகளை, பத்தாம் வகுப்புக்குச் சொல்லத் தொடங்கினேன். இறைமகனும் ஒரு படைப்பே என்று போதித்த ஆரியுஸ் வரை வந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய தந்தை நம் பங்கைச் சேர்ந்தவர். தாய் பிறப்பிலேயே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). "டீச்சர், திருச்சபை சொல்வதை ஏற்காதவர்கள் பதிதர்கள் என்றால் என் அம்மாவும் பதிதரா? அப்பத்தா அப்படித்தான் சொல்கிறார்" என்றாள்.

இல்லை என்று உடனே சொன்னேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் மட்டும் போதாது. வீட்டில் அப்பத்தாவின் முன் நின்று சொல்லக்கூடிய காரணம் வேண்டும். இன்னொரு பையன், "ஆரியுஸ் கடவுள் ஒருவரே என்பதைக் காக்கத்தானே நினைத்தார், அதில் என்ன தவறு?" என்று கேட்டான். இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

செண்பகனூர் ஓய்வுபெற்ற ஆசிரியர்:

சகோதரி, அந்த மாணவிக்காக ஆரியுஸைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டுத் தொனாத்தியர்களை முதலில் நடத்துங்கள். அவளுக்கு வேண்டிய காரணம் அங்கேதான் இருக்கிறது.

303-இல் பேரரசன் தியோக்கிளேசியன் மறைநூல்களைப் பறித்து எரிக்க ஆணையிட்டான். வட ஆப்பிரிக்காவில் சில ஆயர்கள் உயிருக்கு அஞ்சி நூல்களைக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கலாபனை (துன்புறுத்தல்) ஓய்ந்த பிறகு செசிலியான் கார்த்தேஜ் ஆயரானார். அவரைத் திருநிலைப்படுத்தியவர் அப்படி நூலைக் கொடுத்தவர் என்று குற்றம் சாட்டி ஒரு கூட்டம் பிரிந்தது. தொனாத்துஸ் அவர்களுக்குத் தலைவரானார். பாவியின் கையால் பெறும் அருளடையாளம் செல்லாது என்றார்கள். தங்களிடம் வந்தவர்களுக்கு மறுபடியும் திருமுழுக்குக் கொடுத்தார்கள். 314-இல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம் அவர்களை ஏற்கவில்லை. பின்னர் புனித அகுஸ்தினார் பல ஆண்டுகள் அவர்களோடு வாதாடினார். பேதுரு கொடுத்தாலும் யூதாசு கொடுத்தாலும் திருமுழுக்குக் கொடுப்பவர் கிறிஸ்துவே என்பது அவருடைய வாதத்தின் உயிர்.

மலைப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். "அந்தச் சாமியார் கையால் நன்மை (நற்கருணை) வாங்கமாட்டேன்" என்று சொல்லி, பஸ் ஏறி அடுத்த பங்குக்குப் பூசைக்குப் போகிறவர்களை அவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த எண்ணத்தைத்தான் திருச்சபை தப்பறை என்று ஒதுக்கியது.

இப்போது அந்தத் தாயிடம் வாருங்கள். தண்ணீரால், தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் அவர் திருமுழுக்குப் பெற்றவர். நாளைக்கே அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர விரும்பினாலும் இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றமாட்டார்கள். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் புனித சிப்பிரியான் மறுபடி கொடுக்க வேண்டும் என்றபோது, திருத்தந்தை ஸ்தேவான் கூடாது என்று உறுதியாக நின்றார். திருச்சபைச் சட்டம் 751, விசுவாச உண்மையைத் திருமுழுக்குக்குப் பின் பிடிவாதமாக மறுப்பதையே பதிதம் என்கிறது. தான் பிறந்த சபையில் பெற்றோர் கற்றுத்தந்தபடி இயேசுவை நம்பி வாழ்கிறவரை இதற்குள் அடைக்க முடியாது. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏட்டின் மூன்றாம் எண், அத்தகையவர்கள்மீது பிரிவினைப் பாவத்தைச் சுமத்தலாகாது என்கிறது. நற்கருணை பற்றியும் திருத்தந்தையின் பணி பற்றியும் வேறுபாடு இருக்கிறது. அதை மாணவியிடம் மறைக்கவும் வேண்டாம்.

பையனுக்கு: கடவுள் ஒருவர் என்றதில் ஆரியுஸ் தவறவில்லை. அதைக் காக்க மகனைப் படைப்பாக்கியதில்தான் தவறினார். அப்படியானால் சிலுவையில் நமக்காக உயிர்விட்டது யார்? உயர்ந்ததொரு படைப்பு மட்டும்தான்; கடவுள் நம்மிடம் வரவே இல்லை என்றாகிவிடும். 325-இல் தம் ஆயரோடு திருத்தொண்டராக நீசேயாவுக்குச் சென்ற அத்தனாசியார், பிறகு ஆயராகி, இதற்காகவே ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். 381-இல் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கம் வரை அந்தப் போராட்டம் ஓயவில்லை.

கோத்தகிரி வாசகர்:

நான் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவன். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் எங்கள் சபை உருவானபோதே நீசேயா விசுவாசப் பிரமாணத்தை ஏற்றுக்கொண்டது. ஆரியுஸ் விஷயத்தில் நாம் ஒரே பக்கம்தான். உறவினர் வீட்டுத் திருமணப் பந்தியில் ஒரு பெரியவர் என்னைப் பதிதர் என்று அழைத்தார். சாப்பிடாமல் எழுந்து வந்தேன். அந்தச் சிறுமியின் வேதனை எனக்குத் தெரியும்.

ஆசிரியை அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிதர் என்று பெயரிடப்பட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். நீங்கள் விட்டுவிட்டால் பிள்ளைகள் அதை செல்போனில் படிப்பார்கள். பிறகு நீங்கள் சொன்ன மற்றதையும் நம்பமாட்டார்கள்.

செண்பகனூர் ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பி, பந்தியில் நடந்தது பெரும் பாவம். உங்கள் வேண்டுகோளும் நியாயமானது. 385-ஐ ஒட்டித் திரியர் நகரில், பதிதர் என்று குற்றம் சாட்டப்பட்ட ஸ்பெயின் ஆயர் பிரிசில்லியானைப் பேரரசன் மாக்சிமுஸ் கொன்றபோது, புனித மார்ட்டின் அவர் உயிருக்காக மன்றாடினார். கொலைக்குத் தூண்டிய ஆயர்களோடு உறவாட மிலான் ஆயர் அம்புரோசியார் மறுத்தார். இந்தக் குரல் பிற்காலத்தில் அமுங்கிப்போனது. 1209-இல் தென் பிரான்சில் பதிதர் எனப்பட்ட கத்தாரியர்களை ஒடுக்கப் புறப்பட்ட சிலுவைப்படை பெசியே நகரில் கத்தோலிக்கரையும் சேர்த்தே வெட்டியது. அதே நாட்களில், அதே நாட்டில், புனித சாமிநாதர் (தொமினிக்) கால்நடையாகப் போய்ப் போதித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இரண்டையும் கேட்கட்டும். உண்மைக்காக என்று வன்முறையைக் கையாண்டதற்கு 2000 மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கடவுளிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார் என்பதையும் கேட்கட்டும்.

குன்னூர் மறைக்கல்வி ஆசிரியை:

இருவருக்கும் நன்றி ஐயா. இந்த ஞாயிறு தொனாத்தியர்கள்தான். ஒன்றிப்பு ஏட்டின் மூன்றாம் எண்ணை நகலெடுத்து அந்த மாணவியிடம் கொடுக்கப்போகிறேன். அப்பத்தாவுக்கு அவளே வாசித்துக் காட்டட்டும். அடுத்து, மரியாவைக் கடவுளின் தாய் என்று அழைப்பதை எதிர்த்த நெஸ்தோரியுஸ். கடவுளின் தாய் என்று மரியாவை ஏன் அழைக்கிறோம் என்று அவளுடைய தாயே கேட்கக்கூடும்.

செண்பகனூர் ஓய்வுபெற்ற ஆசிரியர்:

கேட்டால் நல்லது. 431-இல் எபேசு பொதுச்சங்கத்தில் எழுந்த கேள்வியே மரியாவிடம் பிறந்தவர் யார் என்பதுதான், அதிலிருந்து தொடங்குங்கள். நெஸ்தோரியுஸைக் கைவிட மறுத்த அசீரியக் கீழைத் திருச்சபையோடு 1994-இல் திருத்தந்தை கையெழுத்திட்ட அறிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிறிஸ்துவைப் பற்றி இரு சபையும் ஒரே விசுவாசத்தை அதில் அறிக்கையிட்டன.