ஆன்டிபயாடிக் சாப்பிட்டதும் வயிற்றுப்போக்கு ஏன்?

புளியரையிலிருந்து கேட்கிறேன். பல் வீக்கத்துக்கு ஆரியங்காவு தாண்டிப் போய்க் காட்டினோம், ஆன்டிபயாடிக் தந்தார்கள். வீக்கம் வடிந்தது, ஆனால் மூன்றாம் நாளிலிருந்து அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு, நாக்கில் தயிர் அப்பினதுபோல வெள்ளைப் படலம். மருந்தே நோயைக் கொண்டுவருமா?

பதில் 1:
வரும் அக்கா. குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகும், இடம் காலியானதும் அதுவரை அடங்கிக் கிடந்த கேண்டிடா பூஞ்சை நாக்கில் படரும். குடலில் க்ளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கெட்ட பாக்டீரியா பெருகினால்தான் ஆபத்து, அதன் நஞ்சு பெருங்குடலைப் புண்ணாக்கும். 1978-லேயே கண்டுபிடித்த விஷயம் இது. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

பதில் 2:
நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா என்பது 2016 கணக்கு. வைட்டமின் கே கூடத் தயாரித்துத் தருகின்றன. ஆனால் குடலில் சாதுவாக இருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா, சிறுநீர்ப் பாதைக்குள் போனால் தொற்றுதான்.

கேட்டவர்:
ரத்தம் இல்லை. ஓ.ஆர்.எஸ். கொடுக்கிறேன், சாயங்காலம் செங்கோட்டைக்குக் கூட்டிப் போகிறேன்.