மறுமொழி: ஆன்டிஆக்சிடன்ட், கூருணர்வு மூச்சுக்குழாய் – இரண்டு சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

ஆஸ்துமா நோயாளிகளுக்கான தமிழ்க் கையேடு நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது. நீங்கள் அனுப்பிய பரிந்துரைகளைப் பார்த்தேன், இரண்டு கருத்துகளுக்குத் தமிழ்ச்சொல் இன்னும் முடிவாகவில்லை.

முதலில் ஆன்டிஆக்சிடன்ட், அதாவது உடலில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள். அதற்கு வந்த ‘உயிர்வளியேற்ற எதிரி’யை நான் ஏற்கவில்லை. குறள் 941இல் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ படித்தவருக்கு வளி என்றால் சித்த மருத்துவம் சொல்லும் வாதம். மூச்சுநோய்க் கையேட்டில் அது குழப்பும். உயிர்வளி ஆக்சிஜனைக் குறிப்பதால் வேதியியலும் இடிக்கிறது. ஆக்சிஜனேற்றம் என்பது எலக்ட்ரானை இழப்பது. ஆக்சிஜன் இல்லாமலும் நடக்கும். வைட்டமின் சி எலக்ட்ரானைக் கொடுக்கிறது என்பதால் ‘மின்னணு ஈனி’ என்றார் ஒருவர். அழகுதான், ஆனால் வேதியியல் பாடநூலில் லிகண்டுக்கு (உலோக அணுவோடு இணையும் மூலக்கூறு அல்லது அயனி) ஈனி என்று முன்பே வைத்துவிட்டார்கள். வேர் பிழையானாலும் பெயர் நிலைக்கும் என்பதற்கு ஆக்சிஜனே சான்று: ‘அமிலம் ஈனுவது’ என்று நம்பி லவோசியே வைத்த பெயர் அது.

‘மூச்சுக்காப்பான்’ மட்டும் வேண்டவே வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு ஆன்டிஆக்சிடன்டான பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் கூடியது. முடிவு 1994இல் வெளிவந்தது. பெயரிலேயே காப்பு இருந்தால் வாசிப்பவர் இன்ஹேலரை ஓரம் வைத்துவிடுவார். சரி, பெரும்பான்மை கேட்ட ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பான்’ இருக்கட்டும். சப்ளிமென்டுக்குத் ‘துணைச்சத்து’ போதும்.

அப்புறம், சிறு தூண்டலுக்கே அளவுமீறிச் சுருங்கும் மூச்சுக்குழாயை எப்படிச் சொல்வது என்பது. ‘ஒவ்வாமை மூச்சுக்குழாய்’ தவறு. குளிர்காற்றும் புகையும் ஒவ்வாமை இல்லாமலே அதைச் சுருக்கும். ‘உணர்திறன் மிக்க’ என்றால் பாராட்டுபோல இருக்கிறது. ‘கூருணர்வு’ காதுக்கும் கண்ணுக்கும்தான் பொருந்துகிறது. நான் கேட்டது ‘மூச்சுக்குழாய்க் கூர்ப்பு’. ‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’ என்பது தொல்காப்பிய உரியியல்; முன்பே உள்ளது மிகுவதை அது சொல்கிறது. ஈழத்துப் பாடநூல்களில் கூர்ப்பு என்றால் பரிணாமம் என்று நண்பர் மறுத்தார். அது நியாயமான மறுப்பு.

ஆகவே கையேட்டில் ‘எளிதில் சுருங்கும் மூச்சுக்குழாய்’ என்றே போடுகிறேன். எல்லோருக்கும் புரியும். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. மூச்சுக்குழாயைச் சுருக்கும் மருந்தை முகரவைத்துப் பார்க்கும் மெத்தகோலின் சோதனையில் மருந்தின் அளவு கூடினால் நோயில்லாதவரின் மூச்சுக்குழாயும் ஓரளவு சுருங்கலாம். ஆஸ்துமா உள்ளவருக்கோ மிகச் சிறிய அளவே போதும். புதிதாக ஒரு குணம் வரவில்லை, உள்ளதுதான் மிகுந்திருக்கிறது. அதைச் சொல்ல வேறு உரிச்சொல் இருந்தால் நாளை மாலைக்குள் எழுதுங்கள்.