பாட் டூர்க்ஹைம் வொயின் திருவிழா: அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போலாமா?

மன்ஹைம் மாப்ள:
வணக்கம் மக்களே. ஊர்லேருந்து அப்பா அம்மா இங்க ஜெர்மனிக்கு, மன்ஹைமுக்கு வந்திருக்காங்க. ஆபீஸ்ல எல்லாரும் இவ்ளோ பக்கத்துல இருந்துட்டு பாட் டூர்க்ஹைம் ஊர்ல நடக்கற வூர்ஸ்ட்மார்க்ட் போகலயான்னு கேக்கறாங்க, உலகத்துலயே பெரிய வொயின் திருவிழாவாம். அப்பா வாழ்க்கைல ஒரு சொட்டு தொட்டதில்ல, வொயின்னாலே டாஸ்மாக் வாசல்தான் அவர் கண்ணு முன்னாடி வருது. அம்மா முட்டை கூட சாப்பிட மாட்டாங்க. போதாததுக்கு 4 வயசுலயும் 9 வயசுலயும் ரெண்டு வாண்டு. குடும்பமா போலாமா, இல்ல நான் மட்டும் நைசா ஆபீஸ் ஆளுங்களோட போய்ட்டு வந்துடவா? கார் எடுக்கலாமா?

திராட்சைத்தோட்டம்:
நைசா போறதெல்லாம் வேணாம் பாஸ், மாட்டிக்குவீங்க 😄 குடும்பத்தோட போங்க. ஆனா சனிக்கிழமை ராத்திரி மட்டும் வேணாம், நிக்க இடம் இருக்காது. செப்டம்பர்ல ரெண்டு வாரக்கடைசி நடக்கும், திங்கக்கிழமையும் உண்டு, அன்னிக்கு மதியம் போனா ராட்டினம், பஞ்சுமிட்டாய்னு நம்மூர் பொருட்காட்சி மாதிரிதான் இருக்கும். 1417லேருந்து நடக்குது, மலை மேல சாமி கும்பிட வந்த கூட்டத்துக்கு தள்ளுவண்டில வொயினும் சாப்பாடும் கொண்டுவந்து வித்ததுதான் ஆரம்பம்னு அப்பாகிட்ட சொல்லுங்க, கோயில் திருவிழாக் கடைன்னதும் பாதி சமாதானம் ஆயிடுவார். பக்கத்துலயே ராட்சச பீப்பா இருக்கு, 1934ல கட்டினது, ரொப்பினா 17 லட்சம் லிட்டர் புடிக்குமாம், ஆனா இதுவரைக்கும் அதுல வொயின் ஊத்தினதே இல்ல, உள்ள ஓட்டல்தான்.

கார் வேணவே வேணாம், மன்ஹைம்லேருந்து 4ஆம் நம்பர் ட்ராம் நேரா போகுது. லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருஷம் ஆகலன்னா ஒரு வாய் குடிச்சாலும் ஓட்டக்கூடாது. அப்புறம் அங்க ஷோர்லேன்னா குழி குழியா இருக்கற அரை லிட்டர் கிளாஸ்ல முக்கால்வாசி வொயின், மேல கொஞ்சம் சோடா. ஜூஸ் மாதிரி எறங்கும், எந்திரிக்கும்போதுதான் தெரியும்.

யாழ்ப்பாணத்தான்:
தம்பி, அம்மான்ர சாப்பாட்டில கவனம். வெங்காயக் கேக் எண்டு விப்பினம், பாக்க சைவம் மாதிரித்தான் இருக்கும், அதுக்க முட்டை இருக்கும், கனபேர் பன்றி இறைச்சியும் சின்னனா வெட்டிப் போடுவினம். ஸாவ்மாகன் எண்டா பன்றி வயித்துக்குள்ள அடைச்சு அவிக்கிறது, அந்தக் கடைப்பக்கமே கூட்டிக்கொண்டு போகாதீங்கோ. புளிச்சாதம் கட்டிக்கொண்டு போறது நல்லம்.

மற்றது, ஃபெடர்வைஸர் எண்டு புது வொயின் வரும், கலங்கலா மோர் மாதிரி, பாதி பொங்கினது. எங்கட பதநீர் கள்ளாகிற மாதிரி, இண்டைக்கு இனிக்கும், நாளைக்கு ஏறும். பிள்ளையளுக்குக் குடுத்திடாதீங்கோ, அவையளுக்கு வேற திராட்சை ஜூஸ் இருக்கு. காஸ் போகோணும் எண்டு போத்தலை இறுக்கி மூடமாட்டினம், நிமித்தித்தான் வைக்கோணும். நான் போன வருசம் ரெண்டு போத்தலை டிக்கியுக்குள்ள கிடத்திப்போட்டு வந்தனான், ரெண்டு கிழமையா கார் முழுக்க கள்ளுக்கொட்டில் மணம், மனிசி ஏறமாட்டன் எண்டிட்டா.

மன்ஹைம் மாப்ள:
போய்ட்டு வந்தாச்சு, ரெண்டு பேருக்கும் நன்றி! திங்கக்கிழமை லீவ் போட்டு ட்ராம்ல போனோம். அப்பா முதல் அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வெச்சுட்டே வந்தாரு. நீள பெஞ்சுல இடம் கிடைச்சுது, எதிர்ல அவர் வயசுல ஒரு ஜெர்மன் தாத்தா, அந்தக் குழி குழியா இருக்கற கிளாஸை ஒரு குடும்பமே சுத்திச் சுத்தி குடிக்குது, அப்பாகிட்டயும் நீட்டிட்டாரு! இவர் ரெண்டு கையும் கும்பிட்டு நோ நோன்னதும் தாத்தாவே எந்திரிச்சுப் போய் திராட்சை ஜூஸ் வாங்கிட்டு வந்து வெச்சாரு. அம்மாவுக்கு எல்லாரும் ஒரே கிளாஸ்ல எச்சில் பண்றாங்களேங்கறதுதான் இன்னி வரைக்கும் தாங்கல, வொயினப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. பார்க்குல முள்ளுக்குச்சிய நீளமா சுவர் மாதிரி அடுக்கி உப்புத்தண்ணி வழிய விட்டிருக்காங்க, புளியோதரைய அது பக்கத்துல உக்காந்து சாப்பிட்டோம், காத்து கடற்கரை மாதிரி இருந்துச்சு.

வர வழியில அந்தக் குழி கிளாஸ் ஒண்ணு கடைல வாங்கினாரு அப்பா. இப்ப தினம் மோர் அதுலதான்.

திராட்சைத்தோட்டம்:
அரை லிட்டர் மோரா? 😄