தெருவில் பேச்சுக் கொடுத்து ஓர் ஊரைத் தெரிந்துகொள்வது எப்படி?

நாடோடி72 (கேள்வி)
பழக்கமில்லாத ஒரு சிறு நகரத்தில் ஒரு வாரம் தங்கி, ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை எப்படிப் பார்க்கிறார்கள் என்று எழுத வேண்டும். முன்கூட்டி ஏற்பாடு செய்த பேட்டிகள் வேண்டாம். வழியில் அகப்படுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தே செய்யலாம் என்று எண்ணம். "உங்க ஊருக்கு என்ன சிறப்பு?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பாட்டை ஒப்பிப்பார்கள். வேறு எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது? குறிப்பு எப்படி எடுப்பது?

தெருமுனை
சிறப்பு என்ற பேச்சையே எடுக்காதீர்கள். அது காதில் விழுந்ததுமே விருந்தாளிக்கென்று வைத்திருக்கும் பதில்தான் வரும். வழி கேளுங்கள். வழி சொல்லும்போது யாரும் ஊர்ப்பெருமையை யோசித்துப் பேசுவதில்லை. எதை அடையாளமாகச் சொல்கிறார்கள் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. இடித்துப் பல வருடமான தியேட்டரை வைத்து ஒருவர் வழி சொன்னால், அவர் மனதிலுள்ள ஊர் எந்தக் காலத்தது என்று தெரிந்துவிடும். பெயர்ப்பலகையில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர் என்றால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, "ஊர் எதோட முடியுது?" என்று கேளுங்கள். ரயில்பாதையோ ஆறோ இருந்தால் இரண்டு கரையிலும் இதே கேள்வி. இந்தப் பக்கத்தார் பாதையோடு ஊரை முடித்துவிட, அந்தப் பக்கத்தார் தங்களையும் சேர்த்துச் சொன்னால், அங்கேயே இன்னும் இரண்டு நாள் சுற்றலாம்.

ஆள் என்றால் கை வேலையாகவும் வாய் சும்மாவும் இருப்பவர்கள்: தையல்காரர், செருப்புத் தைப்பவர், சைக்கிள் பழுது பார்ப்பவர். கடை திறக்கும் நேரத்திலும் அடைக்கும் நேரத்திலும் போகவே கூடாது. நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள், விசாரணை மாதிரி இருக்காது. பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் நாலைந்து விநாடி பொறுங்கள். "ஆனா ஒண்ணு..." என்பது அதற்கப்புறம்தான் வரும்.

ஒற்றைப்பேனா
தெருமுனை சொன்ன வழியில் ஓர் ஓட்டை உண்டு. பொது இடத்தில் சாவகாசமாக இருக்கும் வயதான ஆண்களே அதிகம் சிக்குவார்கள். அவர்களிடம் "அந்தக் காலத்துல" பல்லவி நிச்சயம். பொய்யில்லை, ஆனால் எந்த ஊரிலும் கிடைக்கும் சரக்கு. நடந்த ஒன்றோடு முடிச்சுப் போட்டுக் கேளுங்கள்: "பஸ் ஸ்டாண்டு இடம் மாறினப்போ உங்க கடை எங்க இருந்துச்சு?" விவரம் தானாக வரும்.

தினமும் மாலையில் குறிப்பைப் புரட்டி யார் விடுபட்டார்கள் என்று பாருங்கள். பெண்கள், பதின்வயதினர், இரவு ஷிப்ட் ஆட்கள், வாடகைக்கு வந்தவர்கள். வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களை மட்டும் விடவே கூடாது என்பேன். "வந்த புதுசுல எதைச் சொல்லி மாட்டிக்கிட்டீங்க?" என்ற ஒரு கேள்வி போதும். ஊர்க்காரருக்குக் கண்ணில் படாத விதியெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

"இங்க எல்லாரும் ஒத்துமை போல?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். அதைக் குறிப்பில் சேர்க்காதீர்கள்.

அளவுகோல்
குறிப்பு விஷயத்துக்கு மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1962-இல் நியூயார்க்கின் மூன்று பல்பொருள் அங்காடிகளில் செய்ததைப் பாருங்கள். "நாலாவது மாடி" என்று பதில் வரும்படி ஒரு பொருள் எங்கே என்று ஊழியர்களிடம் கேட்பார். காது கேளாதவர் போல மறுபடி சொல்லவைப்பார். பிறகு கண்மறைவாகப் போய் உச்சரிப்பைக் குறித்துக்கொள்வார். இப்படி 264 பேர். மூன்று கடைகளும் மூன்று தரப்பு வாடிக்கையாளர்களுக்கானவை. ஊழியர் பேச்சும் அதற்கேற்ப மாறியிருந்தது.

நீங்களும் எதிரில் நோட்டைத் திறக்காதீர்கள். ஆனால் கால் மணிக்குள் எழுதிவிட வேண்டும். தாமதித்தால் அவர் வார்த்தை போய் உங்கள் வார்த்தை வந்து உட்காரும். மூன்று பத்தி போடுங்கள்: அவர் சொன்னது அப்படியே, நீங்கள் கண்டது, உங்கள் ஊகம். பக்கத்தில் இடம், நேரம், உத்தேச வயது. பெயர் வேண்டாம். திருட்டுத்தனமாக ஒலிப்பதிவு கூடாது. வழி கேட்பதைத் தாண்டிப் பேச்சு நீண்டால் எழுதுவதற்காகத்தான் கேட்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவார்கள்.

நேரம் கிடைத்தால் வரையச் சொல்லுங்கள். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் மக்களிடம் நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச் நகரத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். 1960-இல் வெளியிட்ட முடிவில் பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளச் சின்னம் என்று ஐந்தாகப் பிரித்தார். முதலில் எது வந்தது, எது அளவுக்கு மீறிப் பெரிதானது, எங்கே வெற்றிடம் என்று பாருங்கள்.

நாடோடி72
நன்றி. "எனக்கு வரைய வராது" என்று நழுவினால்?

அளவுகோல்
ரயில் நிலையத்துக்கு ஒரு புள்ளி மட்டும் வைத்து, "இங்கிருந்து உங்க வீட்டுப் பக்கம் எப்படிப் போறது?" என்று பேனாவை அவர் கையில் கொடுங்கள். சாலைகளை நீங்களே போட்டுக் கொடுத்தால் உங்கள் கோட்டின் மேலேயே அவரும் போவார்.

ஒற்றைப்பேனா
பேனா கொண்டுபோங்கள், பென்சில் வேண்டாம். அடித்துத் திருத்திய இடமும் தெரிய வேண்டும்.